கடல் ஏன் தண்ணீரை வாங்கவில்லை என்று கேட்கும் தங்கைக்கு இயற்பியல் கடலியல் ஏற்ற படிப்புதானா?

கடைமடையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தலைஞாயிறு பக்கம், ஆறுகள் கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு கடைமடைக் கிராமத்தைச் சேர்ந்தவர்கள். அப்பா சம்பா மட்டும்தான் செய்கிறார். குறுவைக்குத் தண்ணீர் எங்கள் வாய்க்கால் வரை வந்து சேரும் ஆண்டுகள் குறைவு. என் தங்கை திருவாரூரில் இளநிலை இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறாள். அடுத்து இயற்பியல் கடலியலில் முதுநிலைப் பட்டம் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். வீட்டில் யாருக்கும் அந்தப் பெயரே புதிது.

அவளுக்கு இந்த ஆசை வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பயிர் மூழ்கி நிற்கும்போது ஷட்டரை முழுவதும் திறந்து வைத்தாலும் சில நாட்கள் தண்ணீர் வடியாது. அப்பா வரப்பில் நின்றுகொண்டு, "கடல் தண்ணீரை வாங்க மாட்டேன் என்கிறது" என்பார். அந்த ஊர் முழுக்க எல்லோரும் சொல்லும் சொல்தான் அது. கஜா புயல் வந்த 2018இல் எட்டாம் வகுப்பில் இருந்த தங்கை, கடல் ஏன் வாங்கவில்லை என்று அன்றைக்குக் கேட்கத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை.

உறவினர்கள் பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். இந்தப் படிப்பு எங்கே இருக்கிறது, மீன் பற்றிய படிப்பா, கணக்கு எவ்வளவு வேண்டும், படித்து முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் அப்பாவிடம் எடுத்துச் சொல்ல எனக்கு உதவியாக இருக்கும்.

கொச்சியில்படித்தவள் எழுதியது:

நான் கும்பகோணத்தில் இளநிலை இயற்பியல் முடித்துவிட்டுக் கொச்சியில் இதே படிப்பைப் படித்தேன். இப்போது ஹைதராபாத்தில் ஒப்பந்த அடிப்படையில் ஆய்வுப் பணியில் இருக்கிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். நம் பக்கத்தில் கடல் படிப்பு என்றால் எல்லோரும் பரங்கிப்பேட்டையைச் சொல்வார்கள், அல்லது நாகப்பட்டினத்தில் இருக்கும் மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சொல்வார்கள். முன்னது கடல் உயிரியலுக்குப் பெயர் பெற்றது. பின்னது மீன்வளம், மீன் பதனிடுதல் போன்றவற்றுக்கானது. இரண்டும் நல்ல இடங்கள், ஆனால் உங்கள் தங்கை கேட்கும் கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது. கடலியலில் உயிரியல், வேதியியல், புவியியல், இயற்பியல் என்று நான்கு கிளைகள் உண்டு. நான்காவது கிளை, கடல்நீரின் வெப்பம், உப்புத்தன்மை, அடர்த்தி, நீரோட்டம், அலை, ஓதம் எனப்படும் அன்றாட ஏற்ற இறக்கம், காற்றோடு கடல் கொள்ளும் கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றைப் பற்றியது. அதில் மீன் வருவதேயில்லை, சமன்பாடுகள்தான் வரும்.

கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடலியல் முதுநிலைப் படிப்பு உண்டு. அந்தப் பல்கலைக்கழகமே நடத்தும் பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேர வேண்டும். அதே ஊரில் பனங்காட்டில் உள்ள கேரள மீன்வள, கடலியல் பல்கலைக்கழகத்திலும் இயற்பியல் கடலியல் உண்டு. விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் வானிலை, கடலியல் துறை நாட்டின் பழைய துறைகளில் ஒன்று. ஐஐடிகளின் முதுநிலை அறிவியல் சேர்க்கைக்கான ஜாம் தேர்வை இயற்பியலிலோ கணிதத்திலோ நன்றாக எழுதினால் புவனேஸ்வர் ஐஐடி போன்ற இடங்களில் வளிமண்டலமும் கடலும் சேர்ந்த படிப்புகளில் நுழையலாம். தேர்வு விதிகளும் இடங்களின் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான் சேர்ந்தபோது கப்பலில் போகப் போகிறோம் என்ற நினைப்பில் இருந்தேன். முதல் பருவம் முழுவதிலும் நான் கடலைப் பார்த்தது ஃபோர்ட் கொச்சிக்குப் போகும் படகிலிருந்து ஒரே ஒரு முறை. மற்ற நாட்களெல்லாம் பாய்ம இயக்கவியலும், வெக்டர் நுண்கணிதமும், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும்தான். நீரும் காற்றும் நகர்வதை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டைச் சுழலும் பூமியின் மேல் எழுதி, அதில் எந்த உறுப்பு பெரியது, எது சிறியது என்று பார்த்துச் சிறியதை விட்டுவிடும் கலையைக் கற்றுக்கொள்வதற்கே ஓராண்டு ஆயிற்று. இரண்டாம் ஆண்டில் செயற்கைக்கோள் தரவு, கடலைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் எண்ணியல் மாதிரி, தரவுப் பகுப்பாய்வு ஆகியவை வந்தன. எங்கள் வகுப்பில் கணக்கைப் பிடிக்காமல் வந்தவர்கள் பாதியில் திணறினார்கள். கணக்கு வராதவர்களைவிட, கணக்கு வேண்டியிருக்காது என்று நம்பி வந்தவர்கள்தான் அதிகம் திணறினார்கள்.

கோடியக்கரைக்காற்று எழுதியது:

தம்பி, நான் வேதாரண்யம் பகுதிப் பள்ளிகளில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பாவின் சொல்லைப் படித்தவுடன் எழுதத் தோன்றியது. எங்கள் உப்பளக்காரர்களும் மீனவர்களும் காற்றைக் கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று பெயரிட்டு அழைப்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். வடக்கிலிருந்து வாடை ஊதினால் கடல் கரைமேல் ஏறி நிற்கும், தெற்கிலிருந்து சோழகம் ஊதினால் இறங்கும் என்பார்கள். முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியும் அதன் காரணத்தை என்னால் மாணவர்களுக்குச் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. நிலாவின் ஈர்ப்பு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நிலாவால் வரும் ஏற்ற இறக்கம் நாகப்பட்டினத்தில் அமாவாசை, பௌர்ணமி அன்றும் ஒரு மீட்டருக்குக் குறைவு. அதுவும் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கிவிடும். நாட்கணக்கில் வடியாமல் நிற்பதற்கு அது காரணமாக முடியாது என்பது எனக்கே தெரியும். கொச்சியில் படித்த அம்மா இதை விளக்கினால் நன்றாக இருக்கும்; படிப்பு எப்படிப்பட்டது என்பதும் அந்த விளக்கத்திலேயே இவர்களுக்குப் புரிந்துவிடும்.

கொச்சியில்படித்தவள் எழுதியது:

ஐயா, உங்கள் கேள்விதான் இந்த இழைக்கு வேண்டிய கேள்வி. முயல்கிறேன்.

வங்கக் கடலின் மேற்குக் கரையை ஒட்டி, அதாவது நம் கரையை ஒட்டி, ஒரு நீரோட்டம் ஓடுகிறது. கிழக்கிந்தியக் கடலோர நீரோட்டம் என்பது அதன் பெயர். அது ஆண்டுக்கு இருமுறை திசை மாறும். மாசி முதல் வைகாசி வரை வடக்கு நோக்கி ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை தெற்கு நோக்கி ஓடும். பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் நகரும் எதுவும் தன் வலப்பக்கம் தள்ளப்படும். இதைக் கொரியோலிஸ் விளைவு என்று பள்ளியிலேயே படித்திருப்போம். தெற்கே பார்த்து நடப்பவருக்கு நாகப்பட்டினத்தின் கரை வலப்பக்கம் இருக்கும். ஆகவே தெற்கு நோக்கி ஓடும் நீர் கரைப்பக்கம் சாய்ந்து குவியும். அந்தச் சாய்வின் அழுத்தமும் கொரியோலிஸ் தள்ளலும் சமமாகும் இடத்தில் ஓட்டம் நிலைபெறும்.

எவ்வளவு உயரம் குவியும் என்பதைத் தங்கையே போட்டுப் பார்க்கலாம். நீரோட்டத்தின் வேகம் நொடிக்கு 1 மீட்டர், அகலம் 100 கிலோமீட்டர், அதாவது 1,00,000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தின் அட்சரேகையில், அதாவது 10.8 பாகையில், கொரியோலிஸ் காரணி நொடிக்குச் சுமார் 0.000027. மூன்றையும் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கமான 9.8 ஆல் வகுத்தால் 28 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். ஒரு சாண் உயரத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் கடைமடை நிலங்கள் கடல்மட்டத்தைவிட எவ்வளவு உயரம் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மீட்டர்கூட இல்லாத இடங்கள் நிறைய. வடிகாலின் சரிவே மிகச் சிறியது. அங்கே வெளிவாயிலில் ஒரு சாண் தண்ணீர் உயர்ந்து நின்றால், உள்ளே வடிய வேண்டியது நிற்கத்தான் செய்யும்.

இதோடு வாடைக்காற்றும் சேர்கிறது. கரையை ஒட்டி வடக்கிலிருந்து காற்று ஊதும்போது மேல்மட்ட நீர் காற்றின் வலப்பக்கமாக, அதாவது கரையை நோக்கி, நகரும். எக்மன் என்ற ஸ்வீடன் நாட்டவர் 1905இல் இதைக் கணிதமாக எழுதினார். சோழகம் ஊதும்போது இதற்கு நேர்மாறு. உங்கள் மீனவர்கள் சொன்னது இதையேதான், ஐயா. புயல் வந்தால் காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைவதற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் கடல் உயரும் என்பது தனிக் கணக்கு. இன்னொன்று, கங்கையும் பிரம்மபுத்திராவும் மழைக்காலத்தில் கொட்டிய நன்னீர் இந்த நீரோட்டத்தோடு நம் கரையோரமாகவே தெற்கே வருகிறது. உப்புக் குறைந்த நீர் இலேசானது, அதனாலும் மட்டம் சற்று உயர்கிறது. இந்த நன்னீர்ப் பட்டையைக் கண்டறிந்த ஆய்வு 2014இல் வெளிவந்தபோது அதைக் கடலுக்குள் ஓடும் ஆறு என்றே பெயரிட்டார்கள். அந்த ஆய்வுக்கான கடல்நீரைக் கிழக்குக் கரை மீனவர்கள்தான் குப்பிகளில் பிடித்துக் கொடுத்தார்கள் என்பதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை.

ஆக, வடகிழக்குப் பருவமழை நம் வயலில் கொட்டும் அதே மாதங்களில்தான் நம் கரையில் கடல்மட்டமும் ஆண்டின் உச்சத்தில் இருக்கிறது. அப்பா சொன்னது சரி.

பொதுப்பணிப்பொறியாளர் எழுதியது:

விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் சிவில் பொறியாளர். வெண்ணாற்று வடிநிலப் பகுதியில் வடிகால் வேலைகளைப் பல ஆண்டுகள் பார்த்தவன். வடியாததற்குக் கடலை மட்டும் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். முகத்துவாரத்தில் மணல் அடைத்திருக்கும், வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டியிருக்கும், ஆக்கிரமிப்பு இருக்கும். அதையெல்லாம் சரிசெய்யப் பொறியாளர்தான் வேண்டும். ஆகவே அந்தப் பெண் கடலோரப் பொறியியலில் எம்.டெக். படிப்பதே மேல் என்பது என் கருத்து. சென்னை ஐஐடியில் கடல்சார் பொறியியல் துறை இருக்கிறது. படித்தவுடன் வேலை கிடைக்கும். சமன்பாட்டை வைத்துக்கொண்டு ஹைதராபாத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பதற்கு இது எவ்வளவோ தேவலாம்.

அலைக்கணக்கு எழுதியது:

பொறியாளர் ஐயா சொல்வதில் பாதி சரி. முகத்துவார மணலைப் பற்றி அவர் சொன்னதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பெண் இளநிலை இயற்பியல் படிக்கிறார்; பொறியியல் பட்டம் இல்லாமல் கடல்சார் பொறியியல் எம்.டெக். சேர்வது பெரும்பாலான இடங்களில் இயலாது. முதலில் ஒரு எம்.எஸ்சி. வேண்டும். அதற்குப் பிறகு எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் வளிமண்டல, கடல் அறிவியல் என்ற பகுதியை எழுதி டெல்லி, கரக்பூர் ஐஐடிகளில் எம்.டெக். போகலாம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வளிமண்டல, கடல் அறிவியல் மையத்தில் ஆய்வுக்குப் போகலாம். அவருக்குக் கதவு இந்த வரிசையில்தான் திறக்கும்.

நான் தனியார் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களுடைய அன்றாட வேலையைச் சொன்னால் துறையின் இன்னொரு முகம் தெரியும். ஒரு துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்றால், நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அலையின் உயரம் என்ன என்று கேட்பார்கள். நூறு ஆண்டுத் தரவு யாரிடமும் இல்லை. முப்பது, நாற்பது ஆண்டுக் காற்றுத் தரவை எடுத்து, ஸ்வான் போன்ற அலை மாதிரியில் ஓட்டி, கிடைப்பதை மிதவை அளவீட்டோடு ஒப்பிட்டு, புள்ளியியலால் நீட்டிச் சொல்ல வேண்டும். அந்த எண்ணில் அரை மீட்டர் கூடினால் கல்லின் எடை கூடும், செலவு கோடிகளில் கூடும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் அந்த எண்ணைக் குறைக்கச் சொல்வார்கள். குறைக்க மாட்டேன் என்று காரணத்தோடு சொல்லத் தெரிவதுதான் இந்தப் படிப்பு தரும் சம்பளத் தகுதி என்று நான் நினைக்கிறேன்.

மணல் நகர்வும் எங்கள் வேலைதான். தமிழகக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே வரும். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் சுவர் எழுப்பினால் தென்புறம் மணல் சேரும், வடபுறம் கரை அரிக்கும். புதுச்சேரியில் துறைமுகச் சுவர் கட்டிய பிறகு நகரத்தின் முன்னால் இருந்த மணற்கரை காணாமல் போனது இப்படித்தான். ஆகவே முகத்துவாரத்தைத் தூர்வாரும் பொறியாளருக்கும் எந்த மாதத்தில் மணல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

பொதுப்பணிப்பொறியாளர் எழுதியது:

எம்.டெக். தகுதியைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்; அதை நான் யோசிக்கவில்லை. தூர்வாரிய முகத்துவாரம் இரண்டே மாதத்தில் மறுபடியும் அடைந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வேலை பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது. நிரந்தர வேலை எங்கே இருக்கிறது?

கொச்சியில்படித்தவள் எழுதியது:

நியாயமான கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன்.

மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இருக்கும் நிறுவனங்களே முதன்மையானவை. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் எனப்படும் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் இருக்கிறது. மீன் கிடைக்கும் இடங்களை மீனவருக்கு அறிவிப்பதும், அலை உயர எச்சரிக்கை தருவதும், 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையத்தை நடத்துவதும் அதுதான். சென்னைப் பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், 1993இல் தொடங்கியது. வங்கக் கடலில் நங்கூரமிட்ட மிதவைகளையும், கடலூரிலும் கல்பாக்கத்திலும் மேற்பரப்பு நீரோட்டத்தை அளக்கும் ரேடார்களையும் நிறுவியவர்கள் அவர்கள். சென்னையிலேயே கடலோர ஆய்வுக்கான தேசிய மையம் இருக்கிறது. கோவாவில் 1966இல் தொடங்கிய தேசிய கடலியல் நிறுவனம், அறிவியல், தொழிலக ஆய்வுக் குழுவான சிஎஸ்ஐஆரின் கீழ் வருகிறது. பருவமழை மாதிரிகளுக்குப் புனே, செயற்கைக்கோள் கடலியலுக்கு அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம், கடலுக்கடியில் ஒலி எப்படிச் செல்கிறது என்பதற்குக் கொச்சியில் பாதுகாப்புத் துறை ஆய்வு அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகம். கடலின் மேலடுக்கு நண்பகலில் சூடாகும்போது ஒலிக்கதிர் கீழ்நோக்கி வளைந்து, நீர்மூழ்கிக் கப்பலை மறைத்துவிடும். இயற்பியல் மாணவிக்கு இதைவிடச் சுவையான ஒளிவிலகல் பாடம் கிடைக்காது.

இந்த இடங்களில் விஞ்ஞானி ‘பி’ நிலையில் சேர்ந்தால் அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். ஆனால் அந்த அறிவிப்பு எல்லா ஆண்டும் வராது. வந்தாலும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலானோர் என்னைப் போலத் திட்டப் பணியில் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஒருமுறை நான் வேலை செய்த இடத்தில் நீட்டிப்பு ஆணை நான்கு மாதம் தாமதமானது. அந்த நான்கு மாதமும் ஊரிலிருந்து அரிசி வந்தது. இது எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் நடக்கக் கூடியது என்று தெரிந்தே வர வேண்டும்.

அதனால்தான் முதுநிலையில் இருக்கும்போதே ஆய்வு உதவித்தொகைக்கான நெட் தேர்வைப் புவி, வளிமண்டலம், கடல், கோள் அறிவியல் என்ற தாளில் எழுதச் சொல்வேன். உதவித்தொகை கிடைத்தால் 2023இலிருந்து முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும், கூடவே வீட்டு வாடகைப்படியும் உண்டு. முனைவர் பட்டம் வரை நிலத்தில் கால் ஊன்ற அது போதும். அந்தத் தாளில் பாறையும் வரும், கோளும் வரும். எல்லாவற்றையும் படிக்க முயன்று எதையும் படிக்காமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடல், வளிமண்டலம் இரண்டையும் ஆழமாகப் படித்தால் போதும்.

கடைமடையான் எழுதியது:

அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி. அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். 28 சென்டிமீட்டர் கணக்கைக் கேட்டுவிட்டு, வெள்ளாமை அளவுக்குச் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அவர் அவ்வளவு சொல்வதே அதிகம். அம்மாவுக்குத்தான் கப்பல் என்றால் பயம். 2004 டிசம்பர் 26 அன்று அம்மாவின் அக்கா குடும்பம் கீச்சாங்குப்பத்தில் இருந்தது. அதற்கு மேல் எழுத விரும்பவில்லை. பெண்கள் கப்பலில் போகத்தான் வேண்டுமா?

ஓரிமீன் எழுதியது:

நானும் கடற்கரைப் பெண். காரைக்காலுக்குத் தெற்கே மீனவர் குடும்பம். முனைவர் பட்ட ஆய்வுக்காக மூன்று முறை கப்பலில் போயிருக்கிறேன். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்: போகாமலேயும் இந்தத் துறையில் முழு வாழ்க்கை வாழலாம். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் செயற்கைக்கோள் தரவையும் கணினி மாதிரியையும் வைத்தே பட்டம் பெற்றார்கள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் மிதக்கின்றன. பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்து, வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடியும் மூழ்குகின்றன. அந்தத் தரவு யாருக்கும் இலவசம்.

ஆனால் என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். முதல் பயணத்தில் நான்கு நாள் வாந்தி. மீனவர் மகளுக்கே இப்படியா என்று எல்லோரும் சிரித்தார்கள். ஐந்தாம் நாள் சரியாகிவிட்டது. கப்பலில் பெண்களுக்குத் தனி அறை இருந்தது, எங்கள் குழுவில் மூன்று பெண்கள். வேலை என்பது ஷிப்ட் முறையில்தான். உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் கருவியைக் கம்பியில் கட்டி நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் இறக்குவோம். 2,000 மீட்டர் போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு இரண்டு மணிக்குத் திரையில் கோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேல்பரப்பில் 28 பாகைக்கு மேல் கொதிக்கும் வங்கக் கடல், 1,000 மீட்டருக்குக் கீழே 7 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். கருவியோடு கீழே போன குப்பிகள் மேலே வரும்போது கையில் தொட்டால் சில்லென்றிருக்கும். நம் அப்பன் பாட்டன் மீன் பிடித்த கடலின் அடி இவ்வளவு குளிரா என்று எனக்குத் தோன்றியது. சித்திரை மாதம் வீட்டில் ஐஸ் பெட்டியில் கைவிட்டது போலிருந்தது.

சுனாமியைப் பற்றி: அன்று காலை 6.29க்கு சுமத்ராவில் நில அதிர்வு. நம் கரைக்கு அலை வரச் சுமார் இரண்டரை மணி நேரம் இருந்தது. சொல்ல ஆள் இல்லை. இன்று அந்த எச்சரிக்கை மையத்தில் இரவுப் பணியில் உட்கார்ந்திருப்பவர்களில் இந்தப் படிப்பைப் படித்தவர்கள் உண்டு. இதை உங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அலைக்கணக்கு எழுதியது:

வெளிநாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் ஒரு வரி. அமெரிக்காவில் சான் டியேகோவின் ஸ்கிரிப்ஸ், எம்ஐடியோடு சேர்ந்து நடத்தும் வுட்ஸ் ஹோல் போன்ற கடலியல் நிறுவனங்களில் முனைவர் பட்டத்துக்கு நேரடியாகவே சேர்க்கிறார்கள். சேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணமும் உதவித்தொகையும் கிடைத்துவிடும். பணம் கட்டிப் படிக்கும் ஓராண்டு முதுநிலைக்கு வயலை அடகு வைத்துப் போவதை மட்டும் நான் ஊக்குவிக்கமாட்டேன்.

நிரல் எழுதுவதை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். பைத்தான் போதும். பழைய கடல் மாதிரிகள் ஃபோர்ட்ரானில் இருக்கின்றன, அது தேவைப்படும்போது தானாக வரும். கடலியல் வேலை கிடைக்காவிட்டால் அந்தத் திறமை வானிலை நிறுவனங்கள், காப்பீட்டு இடர்க் கணிப்பு, கடற்காற்றாலைத் திட்டங்கள் என்று எங்கும் விலைபோகும். என் நண்பர் ஒருவர் கடல் அலைகளை விட்டுவிட்டு இப்போது பயிர்க்காப்பீட்டுக்கு மழைக் கணக்குப் போடுகிறார். ஒருவேளை உங்கள் அப்பாவின் வயலும் அவர் கணினியில் ஒரு கட்டமாக இருக்கலாம்.

கோடியக்கரைக்காற்று எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. இங்கே ஓதம், வாடை, சோழகம் என்றெல்லாம் எழுதியதைப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. அந்தப் பெண் படித்துத் திரும்பும்போது எங்கள் ஊர் மீனவர் சொற்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது. நீரோட்டத்துக்கு மட்டும் ஊருக்கு ஊர் வேறு சொல் இருக்கிறது.

கடைமடையான்_தங்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அண்ணன் கணக்கிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். இப்போது தனிக் கணக்குத் தொடங்கியிருக்கிறேன்.

அக்கா சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன், விடை 27.8 சென்டிமீட்டர். அதோடு நிற்காமல், லிவர்பூலில் இருக்கும் உலகக் கடல்மட்டத் தரவகத்திலிருந்து சென்னையின் மாதச் சராசரிக் கடல்மட்டத்தை இறக்கி, ஒவ்வொரு மாதத்துக்கும் சராசரி எடுத்துப் பைத்தானில் வரைந்தேன். நவம்பரில் உச்சம் வந்தது. மார்ச், ஏப்ரல் பக்கம் தாழ்வு வந்தது. நீங்கள் சொன்னபடியே இருந்தது. அப்பாவிடம் மடிக்கணினியைக் காட்டினேன். கார்த்திகைக்கு நேரே இருந்த மேட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஆனால் ஒரு சந்தேகம். ஏப்ரலுக்கும் ஆகஸ்ட்டுக்கும் இடையில் இன்னொரு சிறு மேடும் வருகிறது. அப்போது வாடைக்காற்றும் இல்லை, நீரோட்டமும் தெற்கே போகவில்லை. அதற்கு என்ன காரணம்? நான் கணக்கில் எங்கேயாவது தவறு செய்துவிட்டேனா?

கொச்சியில்படித்தவள் எழுதியது:

தவறு இல்லை, தங்கச்சி. அந்த மேட்டின் காரணம் நம் கரையில் இல்லை, நிலநடுக்கோட்டில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பர் மாதங்களிலும், நிலநடுக்கோட்டு இந்தியப் பெருங்கடலில் மேற்கிலிருந்து காற்று வீசி நீரைக் கிழக்கே தள்ளும். அந்த ஓட்டத்தை 1973இல் விளக்கிய விர்ட்கி என்பவரின் பெயராலேயே அழைக்கிறோம். தள்ளப்பட்ட நீர், நிலநடுக்கோட்டையோ கரையையோ ஒட்டியே நகரும் கெல்வின் அலை என்ற ஒரு நீண்ட அலையாகச் சுமத்ராவில் போய் முட்டும். நின்றுவிடாது. கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு அந்தமான் கடல், மியான்மர், வங்காளம், ஆந்திரம் என்று வங்கக் கடலின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு நம் கரைக்கு வந்து சேரும். வேகம் நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர்தான், ஆகவே வந்து சேர ஒன்றிரண்டு மாதங்கள் ஆகும். நீ பார்த்த சிறு மேட்டில் அதன் பங்கு இருக்கும். கார்த்திகை மேட்டிலும் அதன் இரண்டாம் வருகை கலந்திருக்கிறது. அதை நான் முதலில் சொல்லாமல் விட்டது என் பிழை.

விசாகப்பட்டினத்தின் தரவும் அதே இடத்தில் கிடைக்கும். அதையும் இறக்கி, அந்தச் சிறு மேடு அங்கே சென்னைக்கு முன்னால் வருகிறதா என்று பார். ஆனால் அந்த முன்பின் வேறுபாடு மாதச் சராசரியில் தெரியாது, நாள் தரவு வேண்டியிருக்கும். அதை எங்கே எடுப்பது என்று நாளை எழுதுகிறேன். கொச்சி நுழைவுத் தேர்வின் அறிவிப்பையும் பார்த்துக்கொண்டிரு.